ஐந்து வயதில் அக்கி: பழைய அம்மையின் மீதி

குழந்தைக்கு ஐந்து வயது. விலாவின் ஒரு பக்கம் சிவக்கிறது. இரண்டு நாளில் அதே இடத்தில் கொத்துக் கொத்தாக நீர்க்கொப்புளங்கள். பூச்சிக்கடி என்று எண்ணிக் களிம்பு தடவியும் அடங்கவில்லை. மருத்துவர் சட்டையைத் தூக்கிப் பார்த்ததும் ‘அக்கி’ என்கிறார். அங்கிருந்து வீடு திரும்புவதற்குள் கேள்விகள் கிளம்பிவிடுகின்றன. அக்கி வயதானவர்களுக்கு வருவதல்லவா? யாரிடமிருந்து ஒட்டியது? அம்மைத் தடுப்பூசி போட்டிருந்தோமே, அது வீண்தானா? கைப்பேசியில் தேடினால் பத்தே நிமிடத்தில் ரத்தப் புற்றுநோய் வரை கொண்டுபோய் விட்டுவிடுகிறது.

இந்தக் கேள்விகளில் மற்றவற்றையும் சேர்த்துக் குழப்புவது ‘யாரிடமிருந்து’ என்பதுதான். அக்கியை யாரும் யாரிடமிருந்தும் வாங்குவதில்லை. அது முன்பே உடலுக்குள் நுழைந்து நரம்பில் தங்கிவிட்ட சின்னம்மை வைரஸின் மறு எழுச்சி. ஆகவே, இந்தக் குழந்தையின் உடலுக்குள் அந்த வைரஸ் முதன்முதலில் எப்போது, எந்த வழியாக நுழைந்தது என்று கேட்க வேண்டும். அதற்கு விடை கிடைத்துவிட்டால் மற்றக் கேள்விகளில் பாதி தானாக அவிழ்ந்துவிடும்.

முதலில் பெயர்கள்

‘அம்மை’ என்ற ஒரு சொல்லுக்குள் நாம் பல வைரஸ்களை அடைத்து வைத்திருக்கிறோம். பெரியம்மை ஒழிந்துவிட்டது, 1980இல் உலக சுகாதார நிறுவனம் அதை அறிவித்தது. தட்டம்மை வேறு வைரஸால் வருவது; அதற்கும் அக்கிக்கும் தொடர்பில்லை. இங்கே பேசப்போவது சின்னம்மையைப் பற்றி. இலங்கைத் தமிழர் இதைக் கொப்புளிப்பான் என்பார்கள்.

அக்கி என்ற சொல்லும் கொஞ்சம் தளர்வானதுதான். காய்ச்சலுக்குப் பின் உதட்டோரம் வரும் கொப்புளத்தையும் பல ஊர்களில் அக்கி என்கிறார்கள். அது ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்னும் வேறொரு வைரஸின் வேலை. சின்னம்மை வைரஸுக்குப் பங்காளி முறை. ‘எனக்கு ஆண்டுக்கு இரண்டு தடவை அதே இடத்தில் அக்கி வரும்’ என்று ஒருவர் சொன்னால், பெரும்பாலும் அவர் இந்தப் பங்காளியைத்தான் சொல்கிறார். இந்தக் கட்டுரையில் அக்கி என்பது உடலின் ஒரு பக்கத்தில் பட்டைபோல் வரும் கொப்புள நோயை மட்டுமே குறிக்கும். சின்னம்மை, அக்கி இரண்டுக்கும் காரணமான வைரஸின் பெயரிலேயே உறவு இருக்கிறது: வேரிசெல்லா சோஸ்டர். வேரிசெல்லா என்பது சின்னம்மை. சோஸ்டர் என்றால் கிரேக்கத்தில் இடுப்புக் கச்சை, அதுதான் அக்கி.

இரண்டு நோய், ஒரே வைரஸ்: எப்படித் தெரிந்தது?

பார்வைக்கு இரண்டும் உறவில்லாதவை. சின்னம்மை உடலெங்கும் சிதறி வரும், காய்ச்சலோடு வரும், வீட்டில் ஒருவருக்கு வந்தால் அடுத்தவருக்கும் வரும். அக்கி ஓர் இடத்தில் மட்டும் வரும், பெரும்பாலும் பக்கத்திலிருப்பவருக்கு வராது. இவற்றைச் சேர்த்துப் பார்க்க ஒருவருக்குத் தோன்றியதே வியப்புதான்.

லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன், சின்னம்மை என்பது பெரியம்மையின் லேசான வடிவமல்ல, தனி நோய் என்று 1767இல் பிரித்துக் காட்டினார். அக்கியோடு அதை முடிச்சுப் போட இன்னும் நூறாண்டுக்கு மேல் ஆனது. 1888இல் ஹங்கேரியைச் சேர்ந்த குழந்தைகள் மருத்துவர் யானோஷ் போகாய் ஒரு விசித்திரத்தைக் குறித்து வைத்தார்: வீட்டில் ஒருவருக்கு அக்கி வந்தால், அதுவரை சின்னம்மை காணாத குழந்தைகளுக்குச் சில நாள் கழித்துச் சின்னம்மை வருகிறது. 1925இல் ஆஸ்திரிய மருத்துவர் குந்த்ராட்டிட்ஸ் அக்கிக் கொப்புளத்தின் நீரை எடுத்து, அம்மை காணாத குழந்தைகளின் தோலில் செலுத்தினார். அவர்களுக்கு வந்தது சின்னம்மை. இன்றைய நெறிமுறைக் குழு எதுவும் வாசலுக்குள்ளேயே விடாத சோதனை. ஆனால் விடை தெளிவாகக் கிடைத்தது. பிறகு 1950களில் அமெரிக்க ஆய்வாளர் தாமஸ் வெல்லர் இரண்டு நோய்களின் கொப்புள நீரிலிருந்தும் வைரஸைப் பிரித்து ஆய்வகச் செல்களில் வளர்த்து, இரண்டும் ஒன்றே என்று நிறுவினார்.

அக்கி ஏன் பட்டையாக வருகிறது என்பதை அதற்கு முன்பே இருவர் கண்டிருந்தார்கள். ஹென்றி ஹெட், கேம்ப்பெல் என்ற அந்த இருவரும் அக்கி வந்து, பிறகு வேறு காரணங்களால் இறந்தவர்களின் உடல்களைத் திறந்து பார்த்து 1900இல் எழுதினார்கள். தண்டுவடத்தை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில், கொப்புளம் வந்த பட்டைக்குரிய முடிச்சு மட்டும் வீங்கியோ சிதைந்தோ இருந்தது. எந்த முடிச்சு தோலின் எந்தப் பட்டையை ஆள்கிறது என்று அக்கியை வைத்தே அவர்கள் படம் வரைந்தார்கள்.

அம்மை இறங்கிய பிறகு நடப்பது

தலைக்குத் தண்ணீர் ஊற்றியதோடு அம்மை போய்விட்டது என்று வீடு நினைக்கிறது. உடலுக்குள் நடப்பது வேறு.

1. வைரஸ் காற்றுவழி மூக்கிலும் தொண்டையிலும் நுழைகிறது. 10 முதல் 21 நாள் வெளியே ஒன்றும் தெரியாது. பிறகு காய்ச்சலும் கொப்புளமும்.

2. கொப்புளம் இருக்கும் தோலில் நரம்பு நுனிகள் இருக்கின்றன. வைரஸ் அவற்றுக்குள் புகுந்து நரம்புவழியே மேலேறுகிறது. ரத்தத்தில் சுற்றும் செல்களில் ஏறியும் நரம்பு முடிச்சுகளுக்குப் போய்ச் சேர்கிறது.

3. அங்கே அது உறங்கத் தொடங்குகிறது. புதிய வைரஸ்களை உற்பத்தி செய்யாது. தன் மரபுப் பொருளை மட்டும் நரம்பு செல்லுக்குள் வைத்திருக்கும். தண்டுவடத்தின் இரு பக்கமும் உள்ள முடிச்சுகள், முகத்துக்கான முடிச்சுகள் என எங்கும் இப்படித் தங்கலாம். வாழ்நாள் முழுதும் தங்கும்.

4. இந்த உறக்கத்துக்குக் காவல் இருப்பவை டி செல்கள் எனப்படும் வெள்ளணுக்கள். ரத்தத்தில் மிதக்கும் எதிர்ப்பொருள்கள் வெளியிலிருந்து மறுபடி அம்மை நுழையாமல் பார்த்துக்கொள்ளும். ஆனால் நரம்புக்குள் இருப்பதை அடக்கி வைப்பதில் டி செல்களின் பங்கே பெரிது. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சிறுவயது அக்கியின் மர்மம் இதில்தான் இருக்கிறது.

5. காவல் தளரும்போது ஏதோ ஒரு முடிச்சில் வைரஸ் விழித்துக்கொள்கிறது. வந்த வழியே நரம்பில் இறங்கி, அந்த நரம்புக்குரிய தோல் பட்டையில் கொப்புளமாக வெளிப்படுகிறது. வலப்பக்க நரம்பு இடப்பக்கம் போவதில்லை என்பதால் கொப்புளங்கள் உடலின் நடுக்கோட்டில் நின்றுவிடுகின்றன.

இடுப்பைச் சுற்றி வந்து தலையும் வாலும் சேர்ந்துவிட்டால் உயிர் போய்விடும் என்ற பேச்சு உலகின் பல மூலைகளில் உண்டு. ஒரு பக்க நரம்பில் வந்த அக்கிக்கு மறுபக்கம் போகப் பாதையே இல்லை.

அப்படியானால் குழந்தைக்கு ஏன்?

வயதானவருக்கு அக்கி வருவதை விளக்குவது எளிது: சிறுவயதில் அம்மை வந்து ஐம்பது அறுபது ஆண்டுகள் ஆகியிருக்கும், டி செல்களின் பிடி தளர்ந்திருக்கும். ஐந்து வயதுக் குழந்தையின் காவல் அதற்குள் எப்படித் தளரும்?

முதலில் எவ்வளவு அரிது என்பதைப் பார்த்துவிடுவோம். இங்கிலாந்தின் சிரன்செஸ்டர் என்ற சிறு நகரத்தில் எட்கர் ஹோப்-சிம்ப்சன் என்ற பொதுமருத்துவர் 1947 தொடங்கி 16 ஆண்டுகள் தன்னிடம் வந்த ஒவ்வோர் அக்கி நோயாளியையும் பதிவு செய்தார். மொத்தம் 192 பேர். பத்து வயதுக்கு உட்பட்டவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 0.74 பேர். எண்பதைத் தாண்டியவர்களில் ஆயிரத்துக்குச் சுமார் 10 பேர். அதாவது குழந்தைகளிடம் குறைவு, ஆனால் அதிசயம் அல்ல. ஆயிரம் குழந்தைகள் படிக்கும் தொடக்கப்பள்ளியில் ஒன்றிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு குழந்தைக்கு வரக்கூடிய நோய்.

அந்த ஒரு குழந்தையின் பழைய கதையைத் தோண்டினால் பெரும்பாலும் கீழ்க்காணும் வழிகளில் ஒன்று தட்டுப்படும்.

1. கருவிலேயே வந்த அம்மை. கர்ப்பத்தின்போது தாய்க்குச் சின்னம்மை வந்திருந்தால், வைரஸ் நஞ்சுக்கொடி தாண்டிக் குழந்தையை அடையலாம். குழந்தை பெரும்பாலும் எந்தக் குறையும் இல்லாமல் பிறக்கும்; ஆனால் வைரஸ் நரம்பில் தங்கியிருக்கும். பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் கர்ப்ப காலத்தில் சின்னம்மை கண்ட 1,373 பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1994இல் வெளியானது. கர்ப்பத்தின் 13 முதல் 24 வாரத்துக்குள் அம்மை வந்திருந்தால் பிறந்த குழந்தைகளில் 0.8 விழுக்காட்டினருக்கும், 25 முதல் 36 வாரத்துக்குள் என்றால் 1.7 விழுக்காட்டினருக்கும் கைக்குழந்தைப் பருவத்திலேயே அக்கி வந்தது. இவர்களுக்குப் பிறந்த பின் சின்னம்மை வந்ததே இல்லை. அவர்களுடைய சின்னம்மை வயிற்றுக்குள்ளேயே முடிந்துவிட்டது.

2. முதல் ஆண்டில் வந்த அம்மை. சிறுவயது அக்கிக்கு மிகவும் உறுதிப்பட்ட காரணம் இதுதான். ஒரு வயதுக்குள் சின்னம்மை கண்ட குழந்தைக்குப் பின்னாளில் சிறுவயதிலேயே அக்கி வரும் வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிடப் பல மடங்கு. காரணம் இரண்டு. கைக்குழந்தையின் டி செல்கள் இன்னும் பழகாதவை. எதிரியை நினைவில் நிறுத்தும் பயிற்சி போதாது. மற்றொன்று தாயின் கொடை: கருவில் இருந்தபோது தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள்கள் பிறந்து சில மாதம் வரை குழந்தையின் ரத்தத்தில் இருக்கும். அவை அம்மையின் வேகத்தைத் தணித்துவிடும். பத்துக் கொப்புளத்தோடு போய்விடும். வீடு ‘லேசாக வந்து போனது, அம்மன் அருள்’ என்று நிம்மதி அடையும். ஆனால் லேசாகப் போனதாலேயே குழந்தையின் சொந்தப் படை சண்டையைச் சரியாகக் கற்றுக்கொள்ளவில்லை. தாயின் எதிர்ப்பொருள்கள் மறைந்த பிறகு, நரம்பில் வைரஸும் அரைகுறைக் காவலும் மட்டும் மிஞ்சும்.

3. தடுப்பூசி. அதில் இருப்பதும் உயிருள்ள, பலம் குறைக்கப்பட்ட வைரஸ்தான். இதற்குத் தனியாக வருவோம்.

4. நோயெதிர்ப்பு ஆற்றல் குறைந்த நிலை. ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோர், உறுப்பு மாற்றுப் பெற்றோர், எச்.ஐ.வி. தொற்று உள்ளோர், நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை எடுப்போர். இந்தக் குழந்தைகளுக்கு அக்கி கூடுதலாக வருவது உண்மை, கடுமையாகவும் வரும்.

இணையம் இந்த நான்காவதை எடுத்துத் தலைப்பில் வைக்கிறது. அங்கேதான் பெற்றோரின் தூக்கம் போகிறது. புற்றுநோய்ச் சிகிச்சையில் உள்ள குழந்தைக்கு அக்கி வருகிறது என்பதிலிருந்து, அக்கி வந்த குழந்தைக்குள் புற்றுநோய் ஒளிந்திருக்கிறது என்ற முடிவுக்குப் போவது தலைகீழ்க் கணக்கு. ஓடி ஆடி நன்றாக வளரும் குழந்தைக்கு ஒரு தடவை, ஒரு பட்டையில் அக்கி வந்து ஆறிவிட்டால் அதற்காகப் புற்றுநோய்ப் பரிசோதனைகள் தேவையில்லை என்பதுதான் மருத்துவத்தின் இன்றைய நிலைப்பாடு. ஒன்றுக்கு மேற்பட்ட பட்டைகளில் வருவது, உடலெங்கும் பரவுவது, வாரக்கணக்கில் ஆறாமல் இருப்பது, திரும்பத் திரும்ப வருவது, எடை குறைவது, மற்றத் தொற்றுகளும் அடிக்கடி வருவது ஆகியவை இருந்தால் மட்டுமே அடுத்த கட்ட ஆய்வு.

‘இவனுக்கு அம்மையே போட்டதில்லை’

மருத்துவர் கேட்டதும் பல வீடுகளில் வரும் பதில் இது. நம் ஊரில் இந்தப் பதிலை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அம்மை வந்தால் மருத்துவமனைக்குப் போகாமல் வேப்பிலை கட்டி வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் பழக்கத்தால் எந்தச் சீட்டிலும் அது பதிவாவதில்லை. மூன்று மாதக் குழந்தையின் முதுகில் வந்த நாலு கொப்புளம் வேர்க்குரு என்றோ சூட்டுக் கொப்புளம் என்றோ கணக்கு வைக்கப்பட்டிருக்கும். அதே வாரம் அக்காவுக்கோ அண்ணனுக்கோ அம்மை வந்திருந்ததா என்று கேட்டால் மட்டும் ‘ஆமாம், மூத்தவளுக்கு வந்தது, சின்னவனைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பியிருந்தோம்’ என்று நினைவு திரும்பும். அனுப்பும் முன்பே வேலை முடிந்திருக்கும்: கொப்புளம் தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே அம்மை பரவும்.

ஆகவே தாயிடம் கேட்க வேண்டியவை மூன்று. கர்ப்பத்தின்போது உங்களுக்கு அம்மை வந்ததா? குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள் வீட்டில் யாருக்காவது அம்மையோ அக்கியோ வந்ததா? அம்மைத் தடுப்பூசி போட்டீர்களா, எந்தக் கையில், எந்தத் தொடையில்?

தடுப்பூசி போட்டும் வருமா?

வரும். ஆனால் மிகக் குறைவாக.

ஜப்பானின் ஒசாகாவில் மிச்சியாகி தகஹாஷி என்ற வைரஸ் ஆய்வாளர் 1970களின் தொடக்கத்தில் உருவாக்கியது இந்தத் தடுப்பூசி. அவருடைய சொந்த மகன் சிறுவயதில் கடுமையான சின்னம்மையில் கிடந்ததைப் பார்த்ததே அவரை இதில் இறக்கியது. சின்னம்மை கண்ட மூன்று வயதுச் சிறுவன் ஒருவனின் கொப்புளத்திலிருந்து எடுத்த வைரஸை ஆய்வகத்தில் மறுபடி மறுபடி வளர்த்து வலுக்குறைத்தார். அச்சிறுவனின் குடும்பப் பெயரான ‘ஒகா’ இன்றும் அந்த வைரஸ் வகையின் பெயர். அமெரிக்காவில் 1995இல் அனுமதி கிடைத்தது. 2006 முதல் அங்கே இரண்டு தவணை.

வலுக்குறைந்தாலும் அது உயிருள்ள வைரஸ் என்பதால் நரம்பில் தங்கும் திறன் அதற்கும் உண்டு. தடுப்பூசி வைரஸால் அக்கி வரும் குழந்தைகளில் ஊசி போட்ட அதே கையிலோ தொடையிலோ கொப்புளம் வருவது இதனால்தான். எந்தத் தொடையில் போட்டீர்கள் என்று கேட்பதும் அதற்காகவே. ஆனால் ஊசி போட்ட குழந்தைக்கு வரும் எல்லா அக்கியும் ஊசி வைரஸால் வருவதல்ல. சிலருக்கு இயற்கை வைரஸ் ஊசிக்கு முன்போ பின்போ சத்தமில்லாமல் நுழைந்திருக்கும். எது என்பதை மரபணுப் பரிசோதனையால் பிரித்தறியலாம். சிகிச்சைக்கு அது தேவைப்படுவதில்லை.

எண்கள் தடுப்பூசியின் பக்கம்தான் இருக்கின்றன. அமெரிக்காவில் 2003 முதல் 2014 வரை 63 லட்சம் குழந்தைகளின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்ததில், ஊசி போடாதவர்களில் ஆண்டுக்கு லட்சத்துக்கு 170 பேருக்கு அக்கி வந்தது. போட்டவர்களில் 38 பேருக்கு. 78 விழுக்காடு குறைவு. சிரன்செஸ்டர் எண்ணோடு இதை நேராக ஒப்பிடக் கூடாது. வயது வரம்பும் எண்ணிய விதமும் வேறு. ஒரே ஆய்வுக்குள் இருக்கும் இந்த இடைவெளியே பேசுகிறது.

இந்திய அரசின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் சின்னம்மை ஊசி இல்லை. இந்தியக் குழந்தைகள் நல மருத்துவர் சங்கம் இரண்டு தவணை பரிந்துரைக்கிறது. தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். அதனால் ஒரே வகுப்பறையில் ஊசி போட்டவர், போடாதவர், அம்மை கண்டவர், காணாதவர் எல்லோரும் கலந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

பார்த்து அறிவது

குழந்தைகளின் அக்கி பெரியவர்களின் அக்கியைவிட மென்மையானது. வலியைவிட அரிப்புதான் அதிகம். சிலருக்கு லேசான காய்ச்சல், தலைவலி. மார்பு, முதுகுப் பகுதியில் வருவதே அதிகம். கழுத்து, இடுப்புக்குக் கீழும் வரலாம். கொப்புளம் வற்றிப் பொருக்காகி ஒன்று முதல் மூன்று வாரத்தில் உதிர்ந்துவிடும். பெரியவர்களைப் பாடாய்ப் படுத்தும், ஆறிய பிறகும் மாதக்கணக்கில் நீடிக்கும் நரம்பு வலி குழந்தைகளிடம் மிக அரிது.

மழைக்காலத்தில் விளக்கு வெளிச்சத்துக்கு வரும் ஒரு சிறு வண்டை அறியாமல் தோலில் தேய்த்துவிட்டால், அதன் உடல் நீர் பட்ட இடம் கோடுபோல் வெந்து கொப்புளிக்கும். காலையில் எழுந்து பார்த்தால் அக்கிபோலவே இருக்கும். சிலந்தி சிறுநீர் கழித்துவிட்டது என்று சொல்லப்படும் பலவும் இந்த வண்டின் வேலையோ, உண்மையான அக்கியோதான். வண்டுக் கொப்புளம் நரம்புப் பட்டையை மதிக்காது. முழங்கை மடிப்பின் இரு பக்கமும் ஒன்றையொன்று தொட்டு அச்சுப் பதித்ததுபோல் வரும். சந்தேகம் தீராவிட்டால் கொப்புள நீரில் பி.சி.ஆர். சோதனை செய்து வைரஸின் பெயரையே கேட்டுவிடலாம்.

ஒட்டுமா என்றால்

அக்கி இன்னொருவருக்கு அக்கியாக ஒட்டாது. ஆனால் அக்கிக் கொப்புளத்தின் நீரில் உயிருள்ள வைரஸ் இருக்கிறது. அதுவரை சின்னம்மையும் காணாத, ஊசியும் போடாத ஒருவர் அதைத் தொட்டால் அவருக்குச் சின்னம்மை வரலாம். 1888இல் போகாய் பார்த்தது இதைத்தான். கொப்புளங்கள் ஆடைக்குள் மூடியிருந்தால் பரவும் வாய்ப்பு குறைவு. எல்லாம் பொருக்காகிவிட்டால் ஆபத்து நீங்கிவிடும். மூடிவைக்க முடிந்தால் குழந்தை பள்ளிக்குப் போகலாம் என்பதே பிரிட்டன் போன்ற நாடுகளின் வழிகாட்டல். சின்னம்மைக்கு அந்தச் சலுகை கிடையாது.

தமிழகத்திலும் இலங்கையிலும் இந்த இடத்தில் கூடுதல் கவனம் வேண்டும். தடுப்பூசி பரவுவதற்கு முன் குளிர் நாடுகளில் பத்து வயதுக்குள் அநேகமாக எல்லோரும் சின்னம்மை கண்டுவிடுவார்கள். வெப்ப மண்டலத்தில் அம்மை தாமதமாக வருகிறது. இருபது, முப்பது வயதிலும் காணாதவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். நம் ஊர்ப்பக்கத்திலிருந்து குளிர் நாட்டு மருத்துவமனைகளுக்கு வேலைக்குப் போகும் செவிலியர்களிடம் அம்மைக்கான எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று சோதிப்பது இதனால்தான். பெரியவர்களுக்கு முதல்முறை வரும் சின்னம்மை நுரையீரலைத் தாக்கும் அளவுக்குக் கடுமையாகலாம். ஆகவே அக்கி வந்த குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளும் சித்தியோ அத்தையோ கர்ப்பிணியாக இருந்து, அவருக்கு அம்மை வந்த நினைவு இல்லை என்றால், அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் பாதுகாப்பு மருந்து கொடுக்க நாள் கணக்கு உண்டு. பிரசவத்துக்கு ஐந்து நாள் முன்பிருந்து இரண்டு நாள் பின்பு வரையிலான இடைவெளியில் தாய்க்குச் சின்னம்மை வெடித்தால் பச்சைக் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. அதற்குள் தாயின் எதிர்ப்பொருள் பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்திருக்காது.

கர்ப்பிணிக்கே அக்கி வந்தால்? மேலே சொன்ன 1994 ஆய்வில் அப்படி 366 பேர் இருந்தார்கள். ஒருவருடைய குழந்தைக்கும் பாதிப்பில்லை. அக்கி பழைய விருந்தாளி. அதற்குரிய எதிர்ப்பொருள் தாயின் ரத்தத்தில் முன்பே இருக்கிறது.

சிகிச்சையும், அக்கி எழுதுதலும்

ஆரோக்கியமான குழந்தைக்குப் பல நேரம் மருந்தே தேவைப்படாது. கொப்புளத்தைச் சுத்தமாக, உலர்வாக வைப்பது, அரிப்புக்குக் காலமைன், வலிக்குப் பாரசிட்டமால், நகத்தை ஒட்ட வெட்டிவிடுவது. ஆஸ்பிரின் கூடாது, சின்னம்மை வைரஸ் உள்ள குழந்தைக்கு அது ரேய் நோய்க்குறி என்னும் மூளை, கல்லீரல் பாதிப்பைத் தூண்டலாம். மருத்துவர் தேவை என்று கருதினால் வைரஸை அடக்கும் அசைக்ளோவிர் மருந்து தருவார். கொப்புளம் தோன்றி 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். எதிர்ப்பாற்றல் குறைந்த குழந்தைக்கு அது ரத்தக்குழாய் வழியே செலுத்தும் ஊசியாக, மருத்துவமனையில் வைத்து.

காத்திருக்கக் கூடாத நிலைகள்:

1. நெற்றியிலோ கண்ணைச் சுற்றியோ கொப்புளம். மூக்கின் நுனியில் ஒரு கொப்புளம் வந்தாலும் கண்ணுக்குள் போயிருக்கலாம் என்று பொருள்; இரண்டுக்கும் நரம்பு ஒன்றே.

2. காதுக்குள் கொப்புளம், முகம் ஒரு பக்கம் கோணுதல், காது கேட்காமை.

3. கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, வாந்தி, மயக்கம்.

4. கொப்புளத்தைச் சுற்றிச் சிவப்பு பரவி, சீழ் பிடித்து, காய்ச்சல் ஏறுதல்.

குயவர் வீட்டுக்குப் போய் காவி மண்ணைக் குழைத்து அக்கி எழுதிக்கொள்ளும் வழக்கம் தமிழக ஊர்களில் இன்னும் இருக்கிறது. எழுதியதும் சில நாளில் இறங்கிவிடும் என்பார்கள். எழுதாவிட்டாலும் இரண்டு மூன்று வாரத்தில் இறங்கத்தான் போகிறது என்பதால் இந்த நம்பிக்கை ஒருபோதும் தோற்பதில்லை. குளிர்ந்த மண் எரிச்சலுக்கு இதமாக இருப்பதும் உண்மைதான். ஆனால் உடைந்த கொப்புளத்தில் மண் சேர்ந்தால் சீழ் பிடிக்கும். நிறம் பூசிவிட்டால் அடியில் பரவுவது தெரியாது. கண்ணோரத்து அக்கிக்கு முதலில் குயவர் வீடு, பிறகு மருத்துவமனை என்று போனால் 72 மணி நேரம் வழியிலேயே கழிந்துவிடும்.

பிரிட்டன் ஏன் இத்தனை ஆண்டு காத்திருந்தது?

அமெரிக்கா 1995இலேயே ஏற்ற ஊசியைப் பிரிட்டன் தன் பொதுத் திட்டத்தில் சேர்த்தது 2026 ஜனவரியில்தான். இந்தத் தாமதத்துக்குப் பின்னால் இருந்தவற்றுள் முக்கியமானது, அந்தச் சிரன்செஸ்டர் மருத்துவரின் ஒரு கருத்து. தெருவில் குழந்தைகளுக்கு அம்மை வந்துகொண்டிருந்தால், அவர்களோடு பழகும் பெரியவர்களின் டி செல்கள் எதிரியின் முகத்தை அவ்வப்போது பார்த்துக் கூர்மையாகின்றன. அதனால் அவர்களுக்கு அக்கி தள்ளிப்போகிறது என்று ஹோப்-சிம்ப்சன் 1965இல் எழுதினார். அப்படியானால் குழந்தைகள் எல்லோருக்கும் ஊசி போட்டு அம்மையை நிறுத்தினால், தாத்தா பாட்டிகளுக்கு அக்கி பெருகிவிடாதா?

கருத்தில் உண்மை இருந்தது, ஆனால் அளவு சிறியது. சின்னம்மை வந்த குழந்தையோடு ஒரே வீட்டில் இருந்த பெரியவர்களுக்கு முதல் இரண்டு ஆண்டில் அக்கி 33 விழுக்காடும், பத்து முதல் இருபது ஆண்டுக்குப் பின் 27 விழுக்காடும் குறைவாக வந்தது என்று 2020இல் வெளியான பிரிட்டன் ஆய்வு காட்டியது. பாதுகாப்பு உண்டு, முழுமையாக இல்லை. அமெரிக்காவிலோ பெரியவர்களின் அக்கி ஊசிக்கு முன்பிருந்தே கூடிக்கொண்டிருந்தது. ஊசி வந்த பின் அந்த வேகம் அதிகரிக்கவில்லை. இவற்றையெல்லாம் பார்த்துப் பிரிட்டனின் தடுப்பூசி ஆலோசனைக் குழு 2023 நவம்பரில் பரிந்துரை செய்தது.

இந்தக் கணக்கில் நெடுங்காலம் பேசப்பட்டது தாத்தா பாட்டியின் அக்கி. குழந்தையின் அக்கி ஓரத்திலேயே நின்றது. 12, 18 மாதங்களில் ஊசி போட்டுக்கொள்ளும் பிரிட்டன் குழந்தைகள் பள்ளிக்குப் போகும் வயதை 2030 வாக்கில் எட்டுவார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு அக்கி வந்தது என்று அன்று எண்ணும்போது பக்கத்தில் வைத்துப் பார்க்க, ஒரு சிறு நகரத்து மருத்துவர் பதினாறு ஆண்டுகள் எண்ணிய அந்த 0.74 இருக்கும்.